கன்னத்தில் வைத்த இலை

ஓர் இலையை வெட்டுவதற்கு முன் அவர் அதன் பக்கத்து இலையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். பிள்ளைக்குக் காய்ச்சலா என்று தாய்மார் பார்ப்பார்களே, அதே மாதிரி. கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு நிற்பார். வெட்டப்போகிற இலையைத் தொடமாட்டார். தன் தோலின் சூடு அதில் ஒட்டிவிடுமாம். முதல் நாள் அதைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் நாள் எரிச்சல் வந்தது. உச்சி வெயிலில் ஒவ்வொரு மரத்திடமும் இப்படி நலம் விசாரித்துக்கொண்டு நின்றால் நாங்கள் எப்போது சாப்பிடுவது?

"ராத்தா, சூடு பாக்கத்தானே சேர் மெஷின் தந்தவர்?" என்று கேட்டேன். முஸ்லிம் அக்காமாரை எங்கள் பக்கத்தில் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

"மெஷின் பழுதாகி மூணு கிழம. என்ட கன்னம் இன்னும் பழுதாகல்ல தம்பி," என்றார். சொல்லிவிட்டு, கொப்பியின் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, சின்ன எழுத்தில் 'சூடு' என்று எழுதினார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதப்பட வேண்டிய இடத்தில் அது எழுதப்பட்டுவிட்டது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

கிண்ணியாக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒவ்வொரு காலையும் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்து கப்பல்துறைச் சந்தியில் இறங்குவார். கறுப்பு அபாயா, அதற்கு மேல் ஆய்வுகூடத்து வெள்ளைக் கோட், தலையில் பெரிய பனையோலைத் தொப்பி. அந்தத் தொப்பியைக் கண்டு பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். "சிரிக்கட்டும். வெயில் அவங்கட தலையிலயா விழுது?" என்பார். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர். கம்பஸுக்குப் போகப் புள்ளி கொஞ்சம் போதாமல் போனது. பிறகு கலியாணம், மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஆய்வுகூட உதவியாளர் பயிற்சி எடுத்து, ஒப்பந்தத்தில் இந்த வேலைக்கு வந்திருந்தார்.

நான் லிங்கநகர். அப்போது எனக்கு முப்பத்தெட்டு. கள உதவியாளன் என்று என்னுடைய கடிதத்தில் இருந்தது. தொட்டி தூக்குவது, தண்ணீர் ஊற்றுவது, கேற் திறப்பது, பாம்பு வந்தால் விரட்டுவது எல்லாம் அந்தப் பதவிக்குள் அடக்கம்.

கண்டி வீதியிலிருந்து உள்ளே தள்ளி, துறைமுகம் கீழே தெரிகிற ஒரு மேட்டில் இருந்தது எங்கள் ஆய்வுத் தோட்டம். கொழும்பில் இருந்த ஒரு பேராசிரியரின் ஆய்வு அது. மாதத்துக்கு ஒருமுறை வருவார். நாங்கள் 'சேர்' என்போம். பூமியின் வெவ்வேறு அகலக்கோடுகளில் பிறந்த மரங்களை ஒரே வெயிலில் வரிசையாக நிறுத்தினால் எது ஒளித்தொகுப்பை விடாமல் செய்யும், எது கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், அதற்கு இலைக்குள் இருக்கிற எந்த நொதியம் காரணம் என்பது கேள்வி. எங்கள் ஊர்ப் பாலையும் வீரையும் ஒரு பக்கம். மறுபக்கம் பேர்ச் என்கிற மரம், பனி கொட்டுகிற நாட்டின் விதை. நுவரெலியாவில் முளைக்கவைத்து, இடுப்பளவு வளர்ந்ததும் தொட்டியோடு எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். வெள்ளைத் தண்டும் சின்னச் சின்ன இலையுமாக அது லொறியில் வந்து இறங்கியபோது எனக்கு உடனே பிடித்துவிட்டது. பிடித்ததுதான் பிறகு வினையாகப் போனது.

நொதியம் என்றால் என்னவென்று எனக்கு விளங்கப்படுத்தியவர் ராத்தாதான். சேர் இரண்டு தரம் விளங்கப்படுத்தினார். நான் இரண்டு தரமும் தலையாட்டினேன். ராத்தா கீழே துறைமுகத்தைக் காட்டினார்.

"தம்பி, அங்க ஜெட்டி தெரியுதா?"

"ஓம்."

"கப்பல் வந்து கட்டினாத்தானே சாமான் இறங்கும். இலைக்குள்ளயும் ஒரு ஜெட்டி இரிக்கு, றுபிஸ்கோ எண்டு பேர். காத்தில வாற காபனீரொட்சைட்டு அதிலதான் வந்து இறங்கணும். சில நேரம் பழைய கப்பலொண்டு ஜெட்டியோட ஒட்டிக்கிட்டு நகராம நிக்கும். அப்ப என்ன செய்வாங்க?"

"டக் போட் வந்து கயிறு கட்டி இழுக்கும்."

"அதேதான். அந்த டக் போட்டும் ஒரு நொதியம். சின்னது. ஆனா சூடு தாங்காது. நம்மட பாலை மரத்து டக் இந்த வெயிலுக்குப் பழகினது, நிண்டு இழுக்கும். குளிர் நாட்டு மரத்து டக் வெயில் ஏறினா விழுந்துடும். ஜெட்டி நல்லாத்தான் இரிக்கும், பழைய கப்பல் நகராது. மரம் வெயிலுக்குள்ளேயே பட்டினி கிடக்கும்."

எனக்கு முதல் தடவையாக விளங்கியது. விளங்கியதால் ஒரு கேள்வியும் வந்தது.

"விழுந்தா, செத்துப்போகுமா? இல்லாட்டி மயக்கமா?"

ராத்தா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "அதுதான் தம்பி கேள்வி. செத்துடும் எண்டு சேர் சொல்றார். நான் இன்னும் காணல்ல."

'நான் இன்னும் காணல்ல.' அந்த மனுஷியை முழுசாகச் சொல்ல வேண்டுமென்றால் இந்த ஒரு வசனம் போதும். கிண்ணியா பஸ் போய்விட்டதா என்று கேட்டால், "சத்தம் கேட்டது. போனத நான் காணல்ல," என்பார். சந்திக் கடையில் பாண் முடிந்துவிட்டது என்று நான் சொன்னால், நடந்து போய் அலுமாரியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் பிஸ்கட் வாங்குவார். இதை ஒரு குணமென்று சொல்வதா வியாதியென்று சொல்வதா என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

எங்கிருந்து வந்தது இது என்று ஒருநாள் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார். சின்ன வயதில் நோன்புப் பிறை பார்க்க அவருடைய வாப்பா கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். தம்பலகாமப் பக்கத்து வானத்தில் முகில். யாரோ ஒருவர் 'அந்தா!' என்று கையை நீட்டியதும் கூட நின்ற பிள்ளைகள் எல்லாம் 'கண்டம், கண்டம்' என்று துள்ளியிருக்கிறார்கள். இவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை. நீயும் கண்டதானே என்று பெரியவர்கள் கேட்க, இல்லை என்றிருக்கிறார். எல்லாரும் கண்டது உனக்கு மட்டும் தெரியவில்லையா என்று அதட்டியும் இல்லைதான். கடைசியில் வாப்பா மற்றப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, எந்தப் பக்கம் வளைஞ்சிருந்தது என்று விசாரித்தாராம். ஆளுக்கொரு பக்கம் காட்டியிருக்கிறார்கள்.

"பிறையக் கண்டவர்தான் கண்டன் எண்டு சொல்லணும், தம்பி. பக்கத்தில நிண்டவர் சொல்லப்படாது. வாப்பா அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால என்ட தலையத் தடவினார். மத்த நாள்தான் பிறை தெரிஞ்சது."

அந்தத் தடவல் நாற்பது வருடமாக அவர் தலையில் இருந்தது. அதன் பாரத்தை நாங்களும் கொஞ்சம் சுமக்க வேண்டியிருந்தது. ஒருநாள் நான் பிந்தி வந்தேன். வரவுப் புத்தகம் அவர் பொறுப்பு. "எட்டு எண்டு போடுங்கோ ராத்தா, பன்ரண்டு நிமிசந்தானே," என்றேன். 'எட்டு பன்னிரண்டு' என்று அழகாக எழுதினார். இரண்டு நாள் நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு சட்டி எருமைத் தயிரோடு வந்தார். "கொப்பிக்கு உங்களோட கோவமில்ல. எனக்குமில்ல. தின்னுங்க," என்றார். தயிர் நன்றாக இருந்தபடியால் நான் கோபத்தை விட்டுவிட்டேன்.

சேருக்கும் இந்தச் சூடு பட்டிருக்கிறது. வெட்டின இலையை அந்தக் கணமே திரவ நைதரசனில் போட்டு உறையவைக்க வேண்டும். அப்போதுதான் நொதியம் மரத்தில் இருந்த நிலையிலேயே நிற்கும். நைதரசன் கொழும்பிலிருந்து வரும். ஒரு தடவை லொறி ஹபரணையில் பழுதாகி நின்றுவிட்டது. ஐஸில் போட்டு அனுப்புங்கோ, பரவாயில்லை என்று சேர் தொலைபேசியில் சொன்னார். ராத்தா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"சேர், எங்கட வாப்பா மீன் யாவாரி. ஐஸ்ல கிடக்கிற மீன் பளபளண்டுதான் இரிக்கும். எப்ப பிடிச்சதெண்டு அது சொல்லாது. ஐஸ்ல போட்ட இலையும் அப்பிடித்தான். நான் வெட்ட மாட்டன்."

அன்று வெட்டவில்லை. கொப்பியில் அந்தத் திகதிக்கு நேரே ஒரு கோடு மட்டும் கிடந்தது. ஆய்வென்றால் கட்டம் நிரப்புவது என்று நினைத்திருந்த எனக்கு அந்த வெறும் கோட்டைப் பார்க்க ஏனோ மரியாதை வந்தது.

இனி என்னுடைய குற்றத்துக்கு வருகிறேன்.

ஆனி மாதம் கச்சான் காற்று தொடங்கியது. எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்று அடுப்படிக் காற்று மாதிரி. பாலையும் வீரையும் அதைக் கணக்கெடுக்காமல் நின்றன. பேர்ச்சுகள் பதினொரு மணிக்கே இலையைத் தொங்கவிட்டன. சேரின் உத்தரவு கடுமையானது. காலையிலும் மாலையிலும் அளந்த தண்ணீர், இடையில் ஒன்றுமே செய்யக்கூடாது, வெயிலை மறைக்கக்கூடாது. நான் பார்த்தேன், பார்த்தேன், என்னால் பொறுக்க ஏலவில்லை. எவ்வளவு தூரத்திலிருந்து வந்த மரம்! வந்த விருந்தாளியைக் கேற்றுக்கு வெளியே வெயிலில் நிறுத்திவிட்டு நாம் நிழலில் சாப்பிடுவதா?

செவ்வாயும் வெள்ளியும் பதினொரு மணியளவில் பௌசர் லொறியில் தண்ணீர் வரும். அன்றைக்குத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மேற்கு வேலிக்குப் பக்கத்தில்தான் பேர்ச்சின் முதல் வரிசை. நான் பழைய சாக்குகளைத் தோய்த்து அந்த வேலிக் கம்பியில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டேன். காற்று ஈரச் சாக்குக்குள்ளால் வந்தால் குளிரும் என்பது இங்கே மீன் விற்கிற எவருக்கும் தெரியும். சூரியன் உச்சியில் நின்றதால் நிழல் விழவில்லை, வெயிலை நான் மறைக்கவும் இல்லை. அப்படித்தான் மனச்சாட்சிக்குச் சமாதானம் சொன்னேன். யாராவது கேட்டால் சாக்குக் காயப்போட்டிருக்கிறேன் என்று சொல்லலாம். ஒருவரும் கேட்கவில்லை. ராத்தா கொட்டிலின் மூலையில் மத்தியான ளுஹர் தொழுதுவிட்டு வந்து, வழக்கம்போல இலையைக் கன்னத்தில் வைத்து, ஓரத்தில் என்னவோ எழுதி, வெட்டிக்கொண்டு போனார். முதல் வரிசைப் பேர்ச்சுகள் அந்த நாட்களில் தலையை நிமிர்த்தி நின்றன. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

மூன்று மாதம் அப்படிப் போனது. பழுதான சூட்டு மெஷினும் திருத்தி வரவில்லை. பிறகு சேர் வந்தார், முகம் சரியில்லை. மேசையில் ஒரு தாளை விரித்தார். நாங்கள் இலையை உறையவைத்து அனுப்பிய டியூப்புகளைக் கொழும்பில் சோதித்ததில் பேர்ச் இலைகளில் நொதியம் வேலை செய்யாமல் கிடந்திருக்கிறது. அது அவர் எதிர்பார்த்தது. ஆனால் இடைக்கிடை சில பேர்ச் டியூப்புகளில் மட்டும் அது பாலை மரத்தைப்போல் முழு வேகத்தில் வேலை செய்திருக்கிறது.

"மிஸ், இது நடக்க ஏலாத விசயம். செத்த நொதியம் எழும்பாது. பாலை இலையைப் பேர்ச் டியூப்புக்குள்ள போட்டிருக்கிறியள். டியூப் மாறியிருக்கு."

"என்ட கையால மாறல்ல, சேர்."

"வேற ஆர் மாத்தினது?"

"அத நான் காணல்ல. ஆனா என்ட கையால மாறல்ல."

சேர் கெட்ட மனுஷன் இல்லை. களைத்துப்போயிருந்தார். இந்தத் தோட்டத்தின் அளவுகள் முழுவதையும் நீக்கிவிட்டு அறிக்கை அனுப்பப்போவதாகச் சொன்னார். அடுத்த பருவத்துக்குக் கொழும்பிலிருந்து வேறொருவரை அனுப்புவதாகவும், மிஸ்ஸின் ஒப்பந்தம் மாத முடிவோடு நிற்குமென்றும் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். ராத்தா இரண்டு கிழமை அவகாசம் கேட்டார். அடுத்த முறை வரும்போது ஒளித்தொகுப்பு அளக்கிற கருவியையும் கொண்டுவரும்படி கேட்டார். சேர் சம்மதித்துவிட்டு வாகனத்தில் ஏறினார்.

அவர் போன பிறகு ராத்தா கதிரையில் இருந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"வேல போனா வேற வேல தேடலாம் தம்பி," என்றார். "டியூப்ப மாத்தினவ எண்ட பேர் வந்தா, அது போகாது. என்ட மகள் இந்த வருசம் உயர்தரத்தில உயிரியல் எடுத்திரிக்காள். அவள்ட முகத்தில நான் எப்பிடி முழிப்பன்?"

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். சாக்குக்கும் டியூப்புக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, அபயபுரச் சந்தியளவில், டக் போட் கதை ஞாபகம் வந்தது. சூட்டில்தான் அது விழும். நான் சூட்டைக் குறைத்திருக்கிறேன். ஆனாலும் அடுத்த நாளும் நான் சொல்லவில்லை. எனக்கும் குடும்பம் இருக்கிறது, எனக்கும் ஒப்பந்தம்தான் என்று எனக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்டவன் நான்.

ராத்தா எல்லாக் கொப்பிகளையும் நிலத்தில் விரித்து வைத்தார். கோட்டுக்குள் இருந்த எண்களை விட்டுவிட்டு, சேர் ஒருதரம் பார்த்துச் சிரித்த ஓரத்து எழுத்துகளை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக்கொண்டு போனார். சூடு, சூடு, சூடு. பிறகு 'குளிர்' என்று ஒன்று. பிறகு பல 'சூடு'. மறுபடியும் ஒரு 'குளிர்'. அந்தத் திகதிகளைச் சேரின் தாளோடு ஒத்துப் பார்த்தார். 'குளிர்' என்று எழுதிய இடமெல்லாம் நொதியம் விழித்திருந்தது. எல்லாம் முதல் வரிசை. பிறகு நாட்காட்டியை எடுத்தார்.

"செவ்வாயும் வெள்ளியும்," என்றார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, உங்கட செவ்வா வெள்ளி விரதத்த இந்தப் பேர்ச்சும் பிடிக்குதோ?"

நான் சிரிக்க முயன்றேன். வாய் கோணியது. ராத்தா எழுந்து போய் மேற்கு வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று வியாழக்கிழமை. கம்பியில் காய்ந்த சாக்குகள் கச்சான் காற்றில் படபடத்தன. அவர் ஒரு சாக்கைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். மீன் யாவாரியின் மகளுக்கு ஈரச் சாக்கைப் பற்றி யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

நான் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவர் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"நாளைக்கு வெள்ளி. சாக்குக் காயப்போட வேணாம்," என்றார்.

"ஓம், ராத்தா."

"செவ்வாக்கிழம போடுங்க."

"ஓம்."

வெள்ளிக்கிழமை முதல் வரிசை இலையைக் கன்னத்தில் வைத்து 'சூடு' என்று எழுதினார். செவ்வாய்க்கிழமை சாக்கு நனைந்திருந்தது, 'குளிர்' என்று எழுதினார். எழுதிவிட்டு, அன்று முதல் தடவையாக, வேலை நடுவில் பாட்டொன்றை முணுமுணுத்தார். எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, மறுபக்கம் நடுக்கம். சேர் வந்தால் சாக்கை யார் கட்டியதென்று கேட்பார். ராத்தாவோ கொப்பியில் பொய் எழுதத் தெரியாதவர்.

சேர் வந்த நாளில் காற்று உச்சத்தில் அடித்தது. கருவியையும் கொண்டுவந்திருந்தார். இலையை ஒரு சின்னக் கிளிப் மாதிரிக் கவ்விப் பிடிக்கும். இலை எவ்வளவு காபனீரொட்சைட்டை உள்ளே இழுக்கிறது என்பது திரையில் எண்ணாக வரும். முதலில் பாலை மரத்தில் பொருத்தினார். நல்ல எண் வந்தது. பிறகு வேலியோரத்துப் பேர்ச்சில் பொருத்தினார். சாக்கு இல்லை. எண் விழுந்து விழுந்து, ஒன்றுமில்லாத இடத்துக்குக் கிட்டப் போய் நின்றது.

"பாருங்கோ மிஸ். செத்துப்போச்சு," என்றார் சேர்.

"கழட்டாதீங்க, சேர். அப்பிடியே இரிக்கட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, சாக்கு," என்றார்.

நான் ஓடினேன். பீப்பாவுக்குள் முக்கி எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட வேலியில் கட்டினேன். ஒன்று, இரண்டு, ஐந்து சாக்குகள். காற்று அவற்றுக்குள்ளால் வந்து எங்கள் முகத்தில் பட்டது. வெயில் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. சேர் என்ன இது என்பதுபோல் பார்த்தார். ராத்தா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம் எண் அசையவில்லை. பத்து நிமிடம் ஆனது. பிள்ளையாரே, இந்த மனுஷியைக் கைவிட்டுவிடாதே என்று மனதுக்குள் தேங்காய் நேர்ந்தேன்.

பிறகு எண் அசைந்தது. கொஞ்சம் ஏறி நின்றது. இன்னும் கொஞ்சம் ஏறியது. சேர் கருவியைத் தட்டிப் பார்த்தார், கிளிப்பைச் சரிபார்த்தார், அது ஏறிக்கொண்டே இருந்தது. பனி நாட்டு மரம் ஒன்று திருகோணமலைக் கச்சானுக்குள் நின்று மூச்சை இழுத்து இழுத்து உள்ளே எடுக்கிறது! நான் கத்தியே விட்டேன். "ஏறுது ராத்தா, ஏறுது!"

"டக் போட் சாகல்ல, சேர்," என்றார் ராத்தா. "மயங்கித்தான் கிடந்தது. குளிர் பட்டதும் எழும்பிட்டு. நீங்க சொன்ன அந்த டியூப் எல்லாம் குளிர் பட்ட நாளில வெட்டினது. ஓரத்தில எழுதியிரிக்கன், பாருங்க."

சேர் கொப்பியை வாங்கினார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு, நான் பயந்த கேள்வி வந்தது.

"இந்த மூண்டு மாசமும் சாக்கைக் கட்டினது ஆர்?"

ராத்தா பேர்ச் மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சாக்கு ஈரமா இரிந்தத நான் கண்டன். கட்டினவர நான் காணல்ல. காணாதத நான் சொல்ல மாட்டன்."

அது உண்மை. அவர் தொழுதுகொண்டிருந்த நேரத்தில்தான் நான் எப்போதும் கட்டினேன். அன்றைக்குக் கட்டியதை மட்டும்தான் கண்டிருக்கிறார். எட்டு பன்னிரண்டை எட்டு என்று எழுதாத அதே மனுஷி, அதே பிடிவாதத்தால் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்து நின்றார். நான் அதற்குள்ளால் போக வேண்டும் அல்லது வாழ்நாள் முழுக்க வெளியே நிற்க வேண்டும்.

"நான்தான், சேர்," என்றேன். "கட்டினனான். பாவமா இருந்தது. ராத்தாவை நீங்கள் பேசேக்க நான் சொல்லியிருக்க வேணும். பயத்தில சொல்லேல்ல."

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் என்ன செய்திருக்கிறீர் எண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியும், சேர்."

"தெரியாது. செத்துப்போச்சு எண்டு நான் எழுதி அனுப்ப இருந்தனான். இந்தச் சாக்கு இல்லாட்டி நான் பிழையைத்தான் எழுதியிருப்பன்." பிறகு ராத்தாவிடம் திரும்பினார். "மிஸ், டியூப் மாறேல்ல. நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அத கொப்பியில எழுதுங்க, சேர்," என்றார் ராத்தா.

சேர் சிரித்துவிட்டார். பேனையை எடுத்தவர் ஒரு கணம் நின்று, தொப்பியைக் கழற்றி, குனிந்து, அந்தப் பேர்ச் இலையில் தன் கன்னத்தை வைத்தார். நரைத்த தாடியும் கழுத்துப்பட்டியுமாக அந்தப் பேராசிரியர் வளைந்து நின்ற கோலம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. நிமிர்ந்து, கொப்பியின் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, 'குளிர்' என்று எழுதினார். அதன் கீழே 'டியூப் மாறவில்லை' என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். ராத்தா பேனையை வாங்கி என்னிடம் நீட்டினார். 'சாக்கு நனைத்தவன் நான்' என்று எழுதி நானும் கையொப்பம் வைத்தேன்.

அடுத்த பருவம் முழுக்கச் சாக்கு அதிகாரபூர்வமாகத் தொங்கியது. பாதி வரிசைக்குச் சாக்கு, பாதி வரிசைக்கு இல்லை, எல்லாவற்றுக்கும் அட்டவணை. எங்கள் இருவரின் ஒப்பந்தமும் நீண்டது. கொழும்புச் சோதனையும் ராத்தாவின் கன்னமும் ஒரு நாளும் முரண்படவில்லை. பிறகு திட்டம் முடிந்து, தோட்டம் கலைந்து, நாங்கள் வேறு வேறு வேலைகளுக்குப் போனோம்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை சேர் எனக்கு அந்த ஆய்வுக் கட்டுரையைத் தொலைபேசியில் அனுப்பியிருந்தார். ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்திருந்தது. தலைப்பின் கீழே பெயர்கள். சேரின் பெயருக்கு அடுத்ததாக, முழுப் பெயராக, வாப்பாவின் பெயரோடு சேர்த்து, ராத்தாவின் பெயர். கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் என் பெயரும் சாக்கும் இருந்தன. நான் உடனே ராத்தாவுக்கு எடுத்தேன்.

"ராத்தா! கட்டுரை வந்திட்டுது! உங்கட பேர் ரெண்டாவதாக் கிடக்கு!"

அந்தப் பக்கத்தில் குசினியில் பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"நான் இன்னும் காணல்ல, தம்பி," என்றார்.

நான் நகரத்துக்குப் போய்க் கட்டுரையை அச்செடுத்தேன். வெயில் உச்சியில். மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்கு விட்டேன். ராத்தா கேற்றடியிலேயே நின்றார். கம்பஸில் உயிரியல் படிக்கிற மகளும் பக்கத்தில் நின்றாள். தாளை வாங்கினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தன் பெயரில் விரலை வைத்து எழுத்தெழுத்தாக ஒருதரம் வாசித்தார். திரும்பவும் வாசித்தார். மூன்றாந்தரமும் வாசித்தார். பிறகு தாளைத் தூக்கி, கண்ணை அரைவாசி மூடி, கன்னத்தில் வைத்தார்.

"கண்டன்," என்றார்.